டிரசர் கித்தார் பழகிய விவரம்

பாயா செனாய் தோட்டம்,
பெடாஸ் அஞ்சல்,
14.9.1952, ஞாயிற்றுக்கிழமை.

சிரம்பானில் இருக்கும் என் மதிப்பிற்குரிய மச்சான் அமிர்தலிங்கம் அவர்களுக்கு, தங்கள் தங்கை மயிலம்மாளின் கணவனும் இத்தோட்டத்து ஆஸ்பத்திரியின் டிரசருமான கணேசமூர்த்தி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தெய்வ கிருபையால் இங்கு நாங்கள் இருவரும் உயிரோடும் உடம்போடும், முக்கியமாக வெளியிலும், இருக்கிறோம். அவ்விடம் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மச்சான், தங்கள் தந்தி நேற்றுக் கிடைத்தது. ‘துப்பாக்கி உண்மையா வக்கீலோடு வரவா’ என்று நாலே சொல்லில் கேட்டிருக்கிறீர்கள். பதிலும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வக்கீல் வேண்டாம். நீங்கள் கேள்விப்பட்டதில் பாதி உண்மை, பாதி பொய். போலீசார் என்னைக் கொண்டுபோனது உண்மை. என்னிடம் மிஷின் துப்பாக்கி இருந்தது பொய். என்னிடம் இருந்தது கித்தார். பெடாஸில் பஸ் ஏறும்போது அது கித்தாராகத்தான் இருந்திருக்கும். சிரம்பானில் இறங்குவதற்குள் அது துப்பாக்கியாகிவிட்டது என்றால் அதற்கு நான் என்ன செய்வேன்? ஆனாலும் நீங்கள் பதறியிருப்பீர்கள், அத்தையின் காதுக்குப் போகாமல் காப்பாற்றப் படாத பாடு பட்டிருப்பீர்கள் என்பதால், நடந்ததை ஒன்று விடாமல் எழுதிவிடுகிறேன். கடிதம் நீண்டுபோனால் மன்னிக்கவும். இரண்டு நாளாகப் பேசியதையே யாரும் நம்பாமல் இருந்துவிட்டு வந்தவனுக்கு நம்புகிற ஆள் கிடைத்தால் நிறுத்த முடிவதில்லை.

அந்தக் கித்தார் நான் கேட்டு வாங்கியதல்ல. இங்கே இருந்த சின்னத் துரைக்கு முந்தின வருஷம் மலேரியா வந்து, பதினெட்டு நாள் நான்தான் பக்கத்திலிருந்து கொயினா கொடுத்துத் தேற்றினேன். அவர் தம் சீமைக்குத் திரும்பிப் போகும்போது, உனக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே என்றார். அவருடைய மழைக்கோட்டைத் தருவார் என்று நினைத்துக்கொண்டு தலையை ஆட்டினேன். கித்தாரைக் கையில் கொடுத்துவிட்டு, மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். பழைய வேட்டியைச் சுற்றிச் சுவரில் மாட்டியதோடு சரி, ஒரு வருஷம் அதை நான் தொடவில்லை.

பிறகு தொழிலாளர் குடியிருக்கும் லயங்களையெல்லாம் ஒரே இடத்தில் கூட்டி, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டு, ஏ லயம், பி லயம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்துப் போட்டு, சாயங்காலம் ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்ட ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு நாடகம் இல்லை, படம் இல்லை, பெடாஸில் ஒரு டீ குடிக்கக்கூட வழியில்லை. மகள் நீலாவதியும் கலியாணமாகி லுக்குட்டுக்குப் போய்விட்டாள். நானும் தங்கள் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். இருபத்து மூன்று வருஷமாகப் பேசாமல் விட்டதையெல்லாம் முதல் வாரத்திலேயே பேசி முடித்துவிட்டோம். இரண்டாவது வாரம் அதிலிருந்தே சண்டை போட்டோம். மூன்றாவது வாரம் சண்டைக்கும் விஷயமில்லை. சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இதையாவது தட்டிப் பார்ப்போமே என்று சுவரிலிருந்து எடுத்தேன் மச்சான், அவ்வளவுதான். வேறு எந்த உள்நோக்கமும் இல்லை. இதை இன்ஸ்பெக்டரிடமும் இப்படியேதான் சொன்னேன்.

முதல் நாளே சுருதி சேர்க்கிறேன் என்று ஓர் ஆணியைத் திருக, கம்பி அறுந்து கன்னத்தில் கீறி, என் முதல் நோயாளி நானே ஆனேன். மறு வாரம் ஜி லயத்துச் செல்லம்மா காதுவலி என்று ஆஸ்பத்திரிக்கு வந்தாள். விளக்கு வைத்துப் பார்த்தால் காதில் ஒரு குறையும் இல்லை. “எப்பருந்துமா வலி?” என்று கேட்டேன். “நீங்க அந்தப் பொட்டியத் தட்ட ஆரம்பிச்சதிலருந்துதான்யா. நிறுத்திட்டீங்கன்னா மருந்து வேணாம்” என்றாள். வைத்தியம் தெரிந்தும் செய்யாமல் விட்ட ஒரே நோயாளி அவள்தான்.

தானாகப் பழக வராது என்று அப்போது புரிந்தது. பெடாஸில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஷம்சுதீனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வாலிபத்தில் மலாய்க்காரர்களுடைய பங்சாவான் நாடகக் கூட்டத்தோடு ஊர் ஊராகப் போய்க் கித்தார் வாசித்தவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் கித்தாரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அவரிடம் போனேன். ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே பாடம் சொல்வார். கித்தாரில் ஆறு கம்பி. இடக்கை விரல்களை மூன்று மூன்றாக ஒரு விதமாக அழுத்திப் பிடித்தால் அதற்கு ‘சி’ என்று பேர், வேறு விதமாகப் பிடித்தால் ‘ஜி’. ‘சி’ எனக்கு ஒரு மாதத்தில் வந்துவிட்டது. விரல் நுனிகள் வெடித்துப் புண்ணாகி, அயோடின் போட்டுப் போட்டு நாலும் தவிட்டு நிறமாகிவிட்டன, ஆனால் வந்துவிட்டது. ‘ஜி’யும் வந்தது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவதுதான் வரவில்லை. பாட்டு ‘சி’யில் கிளம்பும், ‘ஜி’க்குப் போக வேண்டிய இடத்தில் நின்றுவிடும், நான் ஒவ்வொரு விரலாகப் பார்த்து எடுத்து வைத்து முடித்ததும் மறுபடி கிளம்பும். மற்ற இரண்டு விரலும் போய்ச் சேர்ந்த பிறகும் சுண்டு விரல் மட்டும் எங்கேயோ வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்.

“என்னங்க, பாதி வழி நல்லாத்தான் வர்றீங்க. அப்புறம் ஏன் நடுரோட்டுல நின்னுபோயிடுறீங்க?” என்று மயிலம்மாள் ஒரு நாள் கேட்டாள். இன்னொரு நாள் இதை அடுப்பில் வைத்தால் ஒரு வேளைச் சோறு வெந்துவிடும் என்றும் சொன்னாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததில் கேட்டில் ஒரு தகராறு வந்தது. வேலிக்கு வெளியே ஒரு பிடி அரிசிகூடப் போகக் கூடாது, காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று ரப்பர் மரத்துப் பால்வெட்டுக்குப் போகிற பெண்களின் தூக்குச்சட்டியைக்கூடத் திறந்து பார்க்கிற காலம் இது. காவலுக்கு நிற்கும் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் முனியாண்டி நம் ஆள்தான், ஆனால் காக்கி போட்டதிலிருந்து யாரும் அவனுக்கு நம் ஆள் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கித்தாரை ஆட்டிப் பார்த்தான். உள்ளே ஏதோ உருண்டது. “அரிசியா டிரசரே?” என்றான். தலைகீழாகப் பிடித்து, அந்த ஓட்டை வழியாக அது விழும்வரை கால் மணி நேரம் உலுக்கினான். பின்னால் பெரிய வரிசை நின்றுவிட்டது. கடைசியில் விழுந்தது மயிலம்மாள் இரண்டு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த ஊக்கு. அது அங்கே எப்படிப் போனதென்று எனக்குத் தெரியாது. ஆனாலும், “இதுக்குள்ள ரெண்டு கட்டி நிறை அரிசி பிடிக்கும்லா. இனிமே இது கேட்ட விட்டு வெளிய போவக்கூடாது” என்று உத்தரவு போட்டுவிட்டான்.

கித்தார் போக முடியாது, ஷம்சுதீன் உள்ளே வர முடியாது. ஆகவே பாடத்தைக் கடிதத்தில் எழுதித் தோட்டத்து லாரியில் கொடுத்தனுப்புகிறேன் என்றார் ஷம்சுதீன். வினை அங்கேதான் பிடித்தது. அவர் நல்ல மனிதர், நல்ல கித்தார்க்காரர், ஆனால் விரல்களை அவர் விரல் என்று சொல்வதே கிடையாது. நாடகக் கூட்டத்துப் பழக்கம் போலிருக்கிறது, ஒவ்வொரு விரலையும் ஓர் ஆளாகத்தான் சொல்வார். போன புதன்கிழமை லாரி டிரைவரின் சட்டைப் பையிலிருந்து முனியாண்டி எடுத்த கடிதத்தை அப்படியே எழுதுகிறேன். ஸ்டேஷனில் அதை எனக்கு அத்தனை முறை வாசித்துக் காட்டியதில் மனப்பாடமாகிவிட்டது.

‘டிரசருக்கு ஷம்சுதீன் சலாம். நாலாவது கம்பி ரொம்ப இறுக்கமாக இருக்கிறது. வியாழக்கிழமைக்குள் தளர்த்தி வையுங்கள். கம்பியெல்லாம் துரு ஏறாமல் துடைத்து வையுங்கள், இல்லாவிட்டால் கையை அறுத்துவிடும். சியில் இருக்கும்வரை ஆறாவது கம்பியைத் தொடவே கூடாது. தொட்டால் சத்தம் ஊருக்கே கேட்டுக் காரியம் கெட்டுவிடும். நாலு எண்ணியதும் சியில் இருக்கிற ஆட்கள் ஒரே சமயத்தில் கிளம்பி ஜிக்குப் போய்விட வேண்டும். வழியில் நிற்கக் கூடாது. சின்னவன்தான் எப்போதும் பிந்துகிறான். அவன் ஒருவனால் எல்லாரும் மாட்டிக்கொள்கிறோம். அவனைத் தனியாகப் பழக்குங்கள். படம் பின்னால் போட்டிருக்கிறேன்.’

பின்னால் ஆறு கோடு போட்டு, மூன்று இடத்தில் புள்ளி வைத்திருந்தார். மச்சான், எங்கள் வேலியிலும் ஆறு கம்பிதான். சி லயம் ஒரு மூலையில், ஜி லயம் மறு மூலையில்.

வியாழக்கிழமை காலை ஆள் கணக்கெடுக்கும் பிரட்டு கலைந்து, நான் ஆஸ்பத்திரியில் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தபோது ஜீப் வந்தது. கையில் இருந்த அவுன்ஸ் கிளாசோடு ஏறினேன். ஸ்டேஷனில் ஷம்சுதீனை ஏற்கெனவே உட்கார வைத்திருந்தார்கள். முழங்கைவரை ரொட்டி மாவு காய்ந்திருந்தது. “அல்லாவே, டிரசரே, நான் என்னத்தலா எழுதிப்புட்டேன்?” என்றார். பேசக் கூடாது என்று எங்களைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் ஒரு மலாய்க்காரர், அதட்டாத மனிதர். எனக்கு மலாய் நன்றாகத் தெரியும், பயத்தில் ஒரு சொல் வரவில்லை. அதனால் நல்லசாமி என்ற மொழிபெயர்ப்பாளர் வந்து உட்கார்ந்தார். கடிதத்தை மலாயில் பெயர்த்துக் கொடுத்தவரும் அவர்தான்.

“நாலாங் கம்பியத் தளத்தச் சொன்னது யாரு?”

“ஷம்சுதீன்தாங்க.”

“எதுக்கு?”

“ரொம்ப இறுக்கிட்டா அறுந்துடுங்க.”

“அறுக்கத்தான திட்டம்?”

“ஐயோ இல்லீங்க. அறுந்துட்டா சிரம்பான்லருந்துதான் வரணும்.”

“யாரு வரணும்?”

“கம்பிங்க.”

நல்லசாமி எதையோ எழுதிக்கொண்டார். “சரி, அந்தச் சின்னவன் யாரு?” என்று கேட்டார். நாக்கு ஒட்டிக்கொண்டதால் நான் சுண்டு விரலை நீட்டிக் காட்டினேன். ஒரு போலீஸ்காரர் உடனே எழுந்து என்னைக் கொல்லைப் பக்கம் கூட்டிக்கொண்டுபோய், கதவைக் காட்டிவிட்டு, மரியாதையாகத் திரும்பி நின்றார். போய்விட்டு வந்து மறுபடியும் அதே விரலைக் காட்டினேன். “இப்பத்தானலா போய்ட்டு வந்தே?” என்றார் நல்லசாமி. பிறகுதான் எனக்கு வாய் திறந்தது. அது விரலுங்க, கித்தார் வாசிக்கிற விரலுங்க என்று சொன்னேன். “வெரலுக்குப் பேரு வச்சி, ஆளு மாதிரி நிக்கச் சொல்லி, ஓடச் சொல்லி எவனாச்சும் காயிதம் எழுதுவானா?” என்றார். யோசித்துப் பார்த்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை.

வீட்டில் கித்தார் இருப்பதையும் சொன்னேன். கித்தார் இருந்தால் எழுதியதெல்லாம் கித்தாரைப் பற்றித்தான் என்று ஆகிவிடுமா, அது சாக்காக இருக்கக் கூடாதா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை மச்சான். போன மாதம் பக்கத்துத் தோட்டத்தில் வேலியை அறுத்து உள்ளே வந்துதான் பால் கொட்டகையைக் கொளுத்தினார்கள். அங்கே காவலுக்கு இருந்த மனிதரின் உடம்பைத் துணி சுற்றி அவர் மனைவியிடம் ஒப்படைத்தவன் நான். அந்த மாதிரி இன்னொன்று நடக்காமல் பார்ப்பது அவர் வேலை. ஆனால் அடைத்துப் போட்ட அறையில் உட்கார்ந்திருந்தபோது நியாயமெல்லாம் தோன்றவில்லை, பயம்தான் தோன்றியது. சந்தேகம் தீராவிட்டால் வருஷக் கணக்கில் முகாமில் வைப்பார்கள், அல்லது இந்தியாவுக்குக் கப்பலேற்றி விடுவார்கள். நான் பிறந்தது லுக்குட்டில். கப்பலில் போய் இறங்குகிற ஊரில் எனக்கு யாரைத் தெரியும்? மயிலம்மாள் டிரசர் வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கே போவாள் என்று நினைத்தபோது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, அழுதேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். வாசலில் பெண் குரல் கேட்டது. தங்கள் தங்கையின் குரல் உங்களுக்குத் தெரியும், நான் விவரிக்க வேண்டியதில்லை. கித்தாரை வேட்டியோடு தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அதைக் கேட்டைத் தாண்டி எப்படிக் கொண்டுவந்தாள் என்று முனியாண்டியே எனக்குப் பிறகு சொன்னான். அவன் தடுத்தானாம். “சுடுறதுன்னா சுடு. இல்லாட்டி தள்ளி நில்லு” என்றாளாம். தள்ளி நின்றுவிட்டானாம்.

இன்ஸ்பெக்டர் எதிரில் கித்தாரை வைத்துவிட்டு அவள் பேச ஆரம்பித்தாள். நல்லசாமியால் மொழிபெயர்த்து முடிக்க முடியவில்லை. “ஐயா, இவரு கொம்மினிஸ் இல்ல. கொம்மினிஸா இருந்தா சாயங்காலத்துல வீட்டுல இருக்க மாட்டாரு, நானும் நிம்மதியா இருந்திருப்பேன். மூணு மாசமா ஒரே பாட்டுய்யா, அதுவும் பாதிதான். ஊரே சாட்சி சொல்லும். செல்லம்மாவக் கூப்புட்டுக் கேளுங்க, அவளுக்குக் காதே போச்சு!” அதற்கு முன்னால் என்னைப் பற்றி யாரும் இவ்வளவு கேவலமாகப் பேசியதில்லை, அதைக் கேட்டு நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதுமில்லை.

இன்ஸ்பெக்டர் கித்தாரை என் பக்கம் தள்ளினார். “மாய்ன்” என்றார். வாசி என்கிறார் என்று மொழிபெயர்ப்பு இல்லாமலே புரிந்தது. ஷம்சுதீனையும் உள்ளே கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

முந்தின நாளிலிருந்து சரியாகச் சாப்பிடாத கை. ‘சி’யைப் பிடித்தேன். நன்றாகவே கேட்டது. ஷம்சுதீன் கற்றுக்கொடுத்த பழைய மலாய் மெட்டு அது, இன்ஸ்பெக்டருக்கும் தெரிந்ததுதான் போலிருக்கிறது, தலை இலேசாக அசைந்தது. பிறகு ‘ஜி’க்குப் போக வேண்டிய இடம் வந்தது. நின்றுவிட்டேன். நடுவிரலை வைத்தேன். அடுத்த விரலை வைத்தேன். அறை முழுவதும் காத்திருந்தது. ஷம்சுதீன் கண்ணை மூடிக்கொண்டார். உயிர் போகிற நேரத்தில் இப்படியா நிற்பது என்று வியர்த்துக் கொட்டுகிறது, சுண்டு விரலோ வர மாட்டேன் என்கிறது.

“வெரலு! சுண்டு வெரலு எங்க? மத்ததுங்கல்லாம் போய்ச் சேந்தாச்சி, அது ஒண்ணு மட்டும் இன்னும் சியிலயே நிக்கிது பாருங்க!” என்று பெஞ்சிலிருந்து கத்தினாள் மயிலம்மாள்.

நல்லசாமி மொழிபெயர்க்க வாயைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கடிதத்தை எடுத்துப் பார்த்தார். என் விரலைப் பார்த்தார். மறுபடி கடிதத்தைப் பார்த்து, இன்ஸ்பெக்டரிடம் மெதுவாக மலாயில் ஏதோ சொன்னார். இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து என் இடக்கையைத் திருப்பி, தடித்து வெடித்திருந்த நாலு விரல் நுனியையும் தடவிப் பார்த்தார். உள்ளங்கையைப் பார்த்தார், அதில் ஒரு கீறலும் இல்லை. முள்கம்பியை அறுக்கிறவனுக்கு இப்படியா இருக்கும்? பிறகு கடிதத்தின் மலாய்ப் பெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து வாசித்தார். ‘சின்னவன்தான் எப்போதும் பிந்துகிறான்’ என்ற இடம் வந்ததும் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. மச்சான், அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். வாழ்நாளில் நான் கேட்ட சங்கீதத்தில் அதுதான் முதல் தரம்.

இனிமேல் விரலை விரல் என்று எழுது என்று ஷம்சுதீனுக்குப் புத்தி சொல்லி, எங்கள் மூவருக்கும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். நல்லசாமி வாசல்வரை வந்து, “மனசுல வச்சிக்காதீங்க டிரசரே, எனக்கும் பயந்தான்லா” என்றார். லாரியில் வருகிற வழியெல்லாம் மயிலம்மாள் கித்தாரை மடியில் வைத்து வேட்டியைச் சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தாள். கேட்டுக்குள் நுழைந்து, எங்கள் வீட்டு வாசல் தெரிந்ததும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு ரசம் வைத்தாள். இரண்டு தட்டு சாப்பிட்டேன். இப்படி ஒரு பசியும் இப்படி ஒரு தூக்கமும் எனக்குக் கலியாணத்துக்கு முன்னால் வந்ததோடு சரி.

ஆகவே தீர்மானமாக எழுதுகிறேன். கித்தாருக்கும் எனக்கும் இனி ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நாளை லாரியில் அதை ஷம்சுதீனுக்கே அனுப்பிவிடுகிறேன். தோட்டத்துப் பெரிய துரையும் சரி என்று சொல்லிவிட்டார், முனியாண்டியும் வெளியே விடுவதாகச் சொல்லிவிட்டான். செல்லம்மாவுக்கு இன்றே காது சரியாகிவிட்டது. எங்கள் வீட்டில் இனிமேல் கடிகாரத்தைத் தவிர வேறு சத்தம் இருக்காது, அதில் எனக்குப் பூரண திருப்தி. வக்கீலுக்கு என் வணக்கத்தைச் சொல்லி, வர வேண்டாம் என்று தெரிவிக்கவும். அத்தையிடம், டிரசர் ஸ்டேஷனுக்குப் போனது வைத்தியம் பார்க்கத்தான் என்று சொல்லிவிடுங்கள். அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகள் தீர்க்காயுசாக, எந்தச் சந்தேகத்துக்கும் இடம் கொடுக்காமல் வாழ வேண்டுமென்று ஆசீர்வதித்து முடிக்கிறேன்.

தங்கள் நலம் நாடும் மைத்துனன்,
ப. கணேசமூர்த்தி

பின்குறிப்பு: இன்று திங்கட்கிழமை. மேலே ‘ஆகவே’ என்று தொடங்கும் பகுதியை அடித்துவிட்டு வாசிக்கவும். காலையில் லாரி வந்து நின்றபோது சுவரில் கித்தாரைக் காணோம். லாரி போய்விட்டது. மத்தியானம் மறந்துபோன மூக்குக்கண்ணாடியை எடுக்க வீட்டுக்கு வந்தேன். அடுப்பங்கரையில் பலகை போட்டு உட்கார்ந்து, முறத்தைப் பிடிப்பதுபோல் கித்தாரை மடியில் சாய்த்து, மயிலம்மாள் வாசித்துக்கொண்டிருந்தாள். எங்கும் நிற்கவில்லை மச்சான். முழுப் பாட்டு. கதவைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை கேட்டேன். “எப்ப பழகினே?” என்றேன். “நீங்க ஆஸ்பத்திரிக்குப் போனப்புறம் பகல் பூரா நான் என்ன செய்யிறதாம்? ஆரம்பத்திலருந்தேதான்” என்றாள், தலையைத் தூக்காமல். பிறகு பக்கத்தில் கிடந்த இன்னொரு பலகையைக் காலால் தள்ளி, “கூடப் பாட ஆளில்லாம வெறுமனே இருக்கு. உக்காருங்க” என்றாள். எனக்குப் பாட வராது என்று உங்களுக்கே தெரியும். உட்கார்ந்துவிட்டேன்.